மலைச்சரிவில் வளர்ந்த விளையாட்டு

பறவையைக் கண்டு பறக்க விரும்பாத மனிதர் அரியர். ஆயினும், அவ்விருப்பம் பலர் ஆடும் விளையாட்டாக மலர நெடுங்காலம் சென்றது. ஜேர்மனியப் பொறியியலாளரான ஒட்டோ லிலியென்தால் 1891ஆம் ஆண்டு முதல் இயந்திரமற்ற கிளைடரிற் பன்முறை பறந்து காட்டினார். 1896 ஓகஸ்டில் பறக்கும்போது வீழ்ந்து உயிர்துறந்தார். உலகம் அவரை வியந்தது. ஆனால் அவர் வழியிற் சென்றவர் சிலரே.

முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தோல்வியுற்றது. 1919ஆம் ஆண்டின் வேர்சாய் உடன்படிக்கை அந்நாடு விமானப்படை வைத்திருப்பதைத் தடுத்தது. இயந்திர விமானம் செய்வதும் சில காலம் தடைப்பட்டது. கிளைடருக்கோ தடையில்லை. விமானச் சஞ்சிகையாசிரியரான ஒஸ்கார் உர்சீனுஸ், 1920ஆம் ஆண்டில், 950 மீற்றர் உயரமான வாசர்குப்பே மலையிலே போட்டியொன்றை நடத்துவித்தார். மாணவர்கள் தாமே செய்த கிளைடர்களுடன் வந்து கூடினர். அவ்வாண்டு கிளெம்பெரர் என்பவர் பறந்த தூரம் இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவே. 1922இல் மார்ற்றென்ஸ் ஒரு மணிக்கு மேலும், சில நாட்களில் ஹென்ற்சன் மூன்று மணிக்கு மேலும் வானில் நின்றனர்.

இச்செய்தி பிரித்தானியாவையும் எட்டியது. அவ்வாண்டிலேயே பத்திரிகையொன்று 1,000 பவுண் பரிசு அறிவித்து இற்போட் குன்றிற் போட்டி நடத்தியது. மூன்று மணி இருபத்தொரு நிமிடம் பறந்த மனேறோல் என்ற பிரெஞ்சுக்காரர் அப்பரிசைப் பெற்றார். ஆனால் பரிசு முடிந்ததும் பரபரப்பும் ஓய்ந்தது. 1929இன் இறுதியில் பிரித்தானியக் கிளைடிங் சங்கம் தோன்றி, அதனையொட்டிக் கழகங்கள் பெருகிய பின்னரே அங்கு இவ்விளையாட்டு வேரூன்றியது.

பரிசினால் ஆகாத காரியம் வாசர்குப்பேயில் எவ்வாறு ஆயிற்று? புதியவனுக்கு அங்கே இடமிருந்தது. 1926இல் லிப்பிஷ் அமைத்த பயிற்சிக் கிளைடரின் பெயரே 'மாணாக்கன்' எனப் பொருள்படும். எளிய மரச்சட்டம், ஒரே ஆசனம். செலவும் குறைவு, செப்பனிடுவதும் எளிது. அதனை இறப்பர்க் கயிற்றால் இழுத்துச் செலுத்தப் பலர் வேண்டும். சில விநாடி பறப்பதற்காக ஒருவன் தோழர்களுக்காக நாள்முழுதும் கயிறிழுத்தான். அவ்வுழைப்பே அவனைக் கழகத்தோடு பிணைத்தது.

முன்னேற்றத்துக்குப் படிகளும் வகுக்கப்பட்டன. அரை நிமிடம் பறந்தவனுக்கு, நீலவட்டத்தில் ஒரு வெண்பறவை பொறித்த சின்னம். அடுத்த படிகளில் இரண்டு, மூன்று பறவைகள். 1931ஆம் ஆண்டு முதல் வெள்ளிச்சின்னமும் வழங்கப்பட்டது. அதற்கு ஐந்து மணிநேரப் பறப்பு, ஐம்பது கிலோமீற்றர்த் தூரம், ஆயிரம் மீற்றர் உயர்வு ஆகியன வேண்டும். பிறரை வெல்ல இயலாதவனும் தன் நேற்றைய அளவை வெல்ல இயன்றது.

இவ்வார்வத்துக்கு ஒரு பேராபத்தும் நேர்ந்தது. 1933இன் பின் நாஜி ஆட்சி கழகங்களைத் தன்வயப்படுத்தி, இளைஞரின் பறக்கும் விருப்பத்தைப் போருக்குப் பயன்படுத்தியது. 1945இல் ஜேர்மனி வீழ்ந்ததும் கிளைடர் பறத்தல் தடைசெய்யப்பட்டு, 1951இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அப்போது கழகங்கள் மறுபடியும் எழுந்தன.

புதியவரை ஈர்க்க விழைவோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது தெளிவு. பெரும்பரிசு கூட்டத்தைச் சேர்க்கும். அதிகாரம் படையைச் சேர்க்கும். தோழரைச் சேர்ப்பவையோ மலிவான கிளைடரும், எட்டக்கூடிய முதற்படியும், கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க மனமுவந்து வரும் கைகளுமே.