தனிநாயகம் அடிகள் பேராசிரியரான வரலாறு

நம் சங்கத்து இல்லங்களிலிருந்து கல்லூரி ஆசிரியப் பணிக்குச் சென்றோர் இந்நாளிற் பலர் உளர். அவருள் ஒருவர், இணைப் பேராசிரியர் என்னும் நடுப்படியிலே ஆண்டுகள் பல கழித்தவர், சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்தார். “அண்ணாச்சி, எனக்குப் பின் சேர்ந்தவர்கள் எல்லாம் பேராசிரியராகிவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் இந்தத் தேக்கம்?” என்று மனம் நொந்து கேட்டார். நாமோ பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். பல்கலைக்கழகப் படிகளை ஏறியறியோம். ஆயினும் இந்நகரோடு தொடர்புற்ற ஒரு பெரியாரின் சரித்திரம் அப்பொழுது நினைவில் எழுந்தது. அவருக்குச் சொல்லியதைச் சங்கத்தார் யாவர்க்கும் இங்கே எழுதுகின்றோம்.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்தவர். உரோமையில் இறைநூல் பயின்று 1938-இற் குருப்பட்டம் பெற்றார். 1940-இல் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக வந்தபொழுது அவர்க்கு வயது இருபத்தேழு. இலத்தீனும் ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் கைவந்த அவருக்குத் தமிழிலக்கியப் பயிற்சி அந்நாளில் மிகக் குறைவு. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பாரிடம் மாணாக்கராக அமர்ந்து அக்குறையைத் தீர்த்துக்கொண்டார். பிறர் உத்தியோகத்தில் நிலைபெறும் பருவமாகிய முப்பத்திரண்டாம் வயதில், 1945-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து தமிழ் முதுகலை பயின்றார். பண்டிதர் மரபில் வந்த நமக்கு இச்செய்தியை எழுதும்போதெல்லாம் ஒரு பெருமிதம் தோன்றாமற் போவதில்லை. உரோமையின் டாக்டர் பட்டம் பெற்றவரும் எழுத்தெண்ணிப் பாடங் கேட்டாரன்றோ?

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். சங்கச் செய்யுளில் இயற்கையைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி ஆங்கில நூலாக இக்கழகத்தின் வழியே வெளிவந்தது. 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

எந்தத் துறையில் என்பதே கவனிக்கத்தக்கது. தமிழ்த் துறையில் அன்று, கல்வித் துறையில்.

ஆங்கிலேயர் வகுத்த முறையில் ஒரு துறைக்குப் பெரும்பாலும் ஒரே பேராசிரியர் பீடம். பீடத்திலிருப்பவர் ஓய்வு பெற்றாலன்றிக் கீழுள்ளார்க்கு வழி பிறவாது. இலங்கையில் தமிழ்ப் பீடத்தில் 1943 முதல் 1947 வரை விபுலானந்த அடிகளும், 1947 முதல் 1965 வரை க. கணபதிப்பிள்ளையும் வீற்றிருந்தனர். இருவரும் அப்பீடத்திற்கு முற்றும் தகுதியுடையோரே; ஆகலின் ஒருவர்மேலும் குறை கூறுவதற்கில்லை. 1961 வரை தனிநாயகம் அடிகள் கல்வித் துறையிலேயே பணியாற்றினார். ஒன்பதாண்டுகள்!

அவ்வாண்டுகளை அவர் எங்ஙனம் கழித்தார் என்பதையே நம் நண்பர்க்கு விரித்துரைத்தோம். இலண்டன் சென்று, பண்டைத் தமிழிலக்கியத்திற் காணும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து 1957-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் இருந்த துறையையும் தம் உள்ளம் இருந்த துறையையும் ஒரே ஆராய்ச்சியிற் பிணித்த திறம் வியக்கத்தக்கது. ஐரோப்பிய நூல்நிலையங்களிற் புகுந்து பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடினார். 1554-இல் லிஸ்பனில் உரோமை எழுத்தில் அச்சான தமிழ் நூலையும், அந்தாவோ டி புரோயென்சா இயற்றி 1679-இல் அச்சான தமிழ் - போர்த்துக்கீச அகராதியையும் தமிழறிஞர் கருத்துக்குக் கொணர்ந்தார். அகராதிப் பிரதி வத்திக்கான் நூல்நிலையத்தில் இருந்தது.

இத்தேட்டத்தில் நம் கடற்றுறைக்கும் பெரும்பங்குண்டு. புன்னைக்காயலிலும் சுற்றூர்களிலும் பல்லாண்டு வாழ்ந்த அண்டிரிக் அடிகளின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இற் கொல்லத்தில் அச்சாயிற்று. அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586-இல் வெளிவந்தது. முத்துக்குளித்துறை மக்கள் அச்சுப்பணிக்குப் பொருள் திரட்டித் தந்தனர். சிப்பியெடுத்து மூச்சடக்கி ஈட்டிய காசு தமிழ் எழுத்தாக வார்க்கப்பட்டது. அந்நூல்களோ ஹார்வர்டிலும் வத்திக்கானிலும் தங்கின. இக்கரையில் அவற்றின் பெயரறிந்தாரும் அருகினர். பெற்றோர் வீட்டுப் பத்திரம் அயலார் பெட்டியில் இருந்தாற் போன்ற நிலை இது.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழகம் அவரை இந்திய இயல் துறையின் பேராசிரியராக அமர்த்தியது. அப்பொழுது அவர்க்கு நாற்பத்தெட்டு வயது. இலங்கையில் விரிவுரையாளராயிருந்தவர் கடல் கடந்து துறைத்தலைமையே பெற்றார்.

பீடம் பெற்றபின் அதனைக் கொண்டு அவர் செய்தவற்றைக் காண்க. 1964 ஜனவரியிற் புதுதில்லியிற் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, வ. அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரிற் கூட்டினார். விரிவுரையாளர் ஒருவர் அழைத்திருப்பின் அரசினரும் பல நாட்டு அறிஞரும் அவ்வளவு எளிதில் இசைந்திருப்பரோ என்பது ஐயமே. ஆதலின் பதவி வேண்டற்பாலதன்று என்று நாம் சொல்லமாட்டோம். நம் நண்பரின் மனக்குறை நியாயமானதே.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகள், இணைப் பேராசிரியர் மேலேறுவதற்கு டாக்டர் பட்டமும், அப்பதவியில் மூன்றாண்டுப் பணியும், பத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளும், மதிப்பெண்களும் கேட்டன. ஒரே பீடத்தை நோக்கிக் காத்திருந்த பழைய கொடுமை இதனால் தணிந்தது. ஆனால் எண்ணிக்கை நிரப்புதற்கென்றே எழுதப்பெறும் கட்டுரைகளையும் நாம் கண்டிருக்கின்றோம். நண்பரை நோக்கி, “தம்பி, உம்முடைய பத்தில் இந்தக் கடற்கரையைப் பற்றியது எத்தனை?” என்று வினவினோம். சிறிது நேரம் பேசாதிருந்து, “ஒன்றுமில்லை அண்ணாச்சி” என்றார்.

புரோயென்சாவின் அகராதி 1966-இல் தனிநாயகம் அடிகளின் முன்னுரையோடு கோலாலம்பூரில் மீண்டும் வெளிவந்தது. மறு ஆண்டில், 1967-இல், ‘அடியார் வரலாறு’ இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பாக வந்தது. அதை வெளியிட்டது அடிகள் நிறுவிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே. நண்பர் அந்நூலைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லி விடைபெற்றுச் சென்றார்.