ஐந்து செருகுவாய்கள்

ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை அமெரிக்காவில் வெளியிட்ட நாள் 1981 ஆகஸ்டு 12. அதன் அடிப்படை வடிவத்தில் நினைவகம் 16 கிலோபைட்டுதான். எழுதியதைச் சேமிக்க வேண்டுமா? பாட்டுக் கேட்கும் கேசட் பெட்டியை இணைத்துக்கொள்ளலாம். கூடுதலாகப் பணம் தந்தால், 160 கிலோபைட் கொள்ளும் நெகிழ்தட்டுகளை இயக்கும் கருவி கிடைக்கும். வன்தட்டு அதில் இல்லை.

ஆயினும் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்களை அமைத்திருந்தார்கள். திரைக்கு ஓர் அட்டை, தட்டு இயக்கிக்கு ஓர் அட்டை என்று வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். இஃது அவர்கள் கண்ட புதுமை அன்று. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் எட்டு வாய்கள் இருந்தன; இரண்டே போதும் என்ற ஸ்டீவ் ஜாப்சுடன் வாதாடி ஸ்டீவ் வாஸ்னியாக் பெற்ற வாய்கள் அவை. ஐ.பி.எம். தன் மின்சுற்றுப் படங்களையும், கணினியை எழுப்பும் பயோஸ் நிரலின் வரிகளையும் கையேடாக அச்சிட்டு விற்றது. தருமம் என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் அட்டைகள் செய்தால் தன் கணினி விலைபோகும் என்பதே கணக்கு. ஆனால் அந்த வாணிகக் கணக்கின் பயனை நான் நாற்பது ஆண்டுகள் கழித்து அனுபவித்தேன்.

நண்பர் ஒருவர் அத்தகைய கணினி ஒன்றையும் பதினெட்டு நெகிழ்தட்டுகளையும் என்னிடம் ஒப்படைத்தார். காலஞ்சென்ற அவர் தந்தையாரின் கடிதங்கள் அவற்றில் இருந்தன. காந்தப் பூச்சு நாளுக்கு நாள் நலிந்துவரும். இக்காலக் கணினியிலோ அத்தட்டு நுழைய வழியில்லை. ஆகவே பழைய கணினியே அவற்றைப் படிக்க வேண்டும். படித்ததை இன்றைய கணினி அறியும் ஓரிடத்தில் எழுதவும் வேண்டும்.

அதற்கு உதவுவது எக்ஸ்டி-ஐடிஇ என்னும் அட்டை. இந்த நூற்றாண்டில் ஆர்வலர்கள் வடிவமைத்தது அது. அதில் காம்பாக்ட் பிளாஷ் என்னும் தீப்பெட்டியளவு நினைவு அட்டையைப் பொருத்தலாம். 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் கொணர்ந்த அந்த அட்டை, வன்தட்டைப்போலவே நடிக்க வல்லது. அதனுள் சுழலும் தட்டு இல்லை, படிக்கும் தலை இல்லை. எனினும் "இத்தனையாவது தலை, இத்தனையாவது தடம்" என்று கேட்டால் தவறாமல் விடை தரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐடிஇ முறை ஒரு முறைக்கு 16 பிட்டுகளைத் தரும்; அந்தக் கணினியின் வாயோ 8 பிட்டுகளையே ஏற்கும். எனவே எக்ஸ்டி-ஐடிஇ அட்டை ஒரு பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபாதியை முதலில் அனுப்புகிறது.

அட்டையைச் செருகி மின்விசையை இட்டேன். அப்படி ஒன்று இருப்பதையே கணினி கண்டுகொள்ளவில்லை. அட்டை பழுது என்று எண்ணி இரண்டு நாள் வீணடித்தேன். குறை வேறிடத்தில் இருந்தது. அட்டைகள் தம்மோடு கொணரும் நிரலைத் தேடிப் பார்க்கும் பழக்கம், 1981ஆம் ஆண்டின் இரண்டு பயோஸ் பதிப்புகளிலும் இல்லை. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட மூன்றாம் பதிப்பிலேதான் அது வந்தது. நான் பெற்ற கணினியில் இருந்தது பழைய பதிப்பு. நற்பேறாக அந்தச் சில்லைப் பற்றவைக்காமல் கொளுவியில் பொருத்தியிருந்தார்கள். கழற்றி, புதிய பதிப்பு அடங்கிய சில்லை வைத்தேன். பழம்பொருளின் உறுப்பை மாற்றலாமா என்று கடிந்துகொள்வோர் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயமும் உண்டு. ஆகையால் பழைய சில்லைப் பெயரெழுதிய உறையிலிட்டுக் கணினியோடு வைத்திருக்கிறேன்.

இம்முறை அட்டை விழித்தது. டாஸ் 3.3 வரையில் ஒரு பகுதி 32 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது; எனக்கு அதுவே தாராளம். நெகிழ்தட்டுகளை ஒவ்வொன்றாக இட்டு நகலெடுத்தேன். பின்னர் காம்பாக்ட் பிளாஷை உருவி மடிக்கணினியில் இணைத்தேன். பதின்மூன்று தட்டுகளின் கடிதங்கள் முழுமையாகக் கிடைத்தன. மூன்று தட்டுகளில் சில பக்கங்களே மிஞ்சின. மற்ற இரண்டையும் கணினி எத்தனை முறை முயன்றும் படிக்க இயலவில்லை.