பாவையும் பதினைந்து எழுத்தும்: திராம்பினைப் பிணிக்கும் டி.என்.ஏ. ஆப்டமரின் வடிவ வரலாறு

கொல்லிமலைப் பாவையைத் தலைவியின் அழகுக்கு உவமையாக்கிய சங்கப் பாடல்கள் பல. அவற்றுள் பரணரின் நற்றிணை 201ஆம் பாடல் ஒரு நுட்பத்தைக் கூடுதலாகக் கூறுகிறது: காற்று மோதினும், இடி வீழினும், நிலம் அதிரினும் அப்பாவையின் உருவம் கெடுவதில்லை. பிணிக்கும் ஆற்றல் உருவத்தில் உறைகிறது என இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. மூலக்கூற்று உயிரியலில் இதே கருத்து 1990களில் ஒரு வழக்காகவே எழுந்தது.

1990இல் கொலராடோவில் டூர்க், கோல்டு ஆகியோரும் பாஸ்டனில் எல்லிங்டன், சோஸ்டாக் ஆகியோரும் தனித்தனியே ஒரே முறையைக் கண்டனர். எழுத்து வரிசை தாறுமாறான கோடானுகோடி ஆர்.என்.ஏ. இழைகளை இலக்குப் பொருளோடு கலந்து, ஒட்டியவற்றைப் பிரித்துப் பெருக்கி, மீண்டும் கலப்பது அம்முறை. இவ்வாறு கிடைத்த இழைக்கு ‘ஆப்டமர்’ எனப் பெயரிட்டவர்கள் பின்னிருவர். ‘பொருந்துவது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அதன் வேர். கொல்லிப்பாவையைத் தெய்வம் வடித்தது என்பர். ஆப்டமரை எவரும் வடிப்பதில்லை, தேர்ந்தெடுக்க மட்டுமே செய்கின்றனர்.

1992இல் பாக் குழுவினர் ஏறத்தாழ பத்து இலட்சம் கோடி டி.என்.ஏ. இழைகளிலிருந்து, குருதியை உறையச் செய்யும் திராம்பின் புரதத்தைப் பற்றும் இழைகளைப் பிரித்தனர். அவற்றின் பொதுக்கூறு பதினைந்தே எழுத்துகளாகச் சுருங்கியது: ஒன்பது குவானின், ஆறு தைமின். அது திராம்பினின் வினைமையத்தை அடைப்பதில்லை. ஃபைப்ரினோஜன் வந்து அமரும் புறத்தளத்தை மறிக்கிறது. உறைதல் தடைப்படுகிறது, சிறு பெப்டைடுகளை வெட்டும் திறனோ எஞ்சுகிறது.

மறு ஆண்டே இதன் உருவம் இருவகையாக வெளிவந்தது. ஃபைகான் குழுவின் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு ஆய்வும், பத்மநாபன், டுலின்ஸ்கி முதலியோரின் படிக ஆய்வும் இரண்டு குவானின் நால்வர் அடுக்குகளை ஒப்புக்கொண்டன. அடுக்குகளை இணைக்கும் கண்ணிகள் செல்லும் திசையில் முரண்பட்டன. திராம்பினைத் தொடுவது எந்த முனை என்பதே இதனால் ஐயமாயிற்று. மருந்தாக்க முனைவோருக்கு இது சிறிய ஐயமன்று. 1996இல் ஃபைகான் தரப்பு, படிகத் தரவு தம் மாதிரிக்கும் இசையும் எனக் காட்டியது. அதே ஆண்டில் பத்மநாபனும் டுலின்ஸ்கியும் தம் அமைப்பு ஈரடியானது எனத் தலைப்பிலேயே எழுதினர். அந்நேர்மை குறிப்பிடத்தக்கது.

சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இத்தகைய அனுபவம் முன்பே உண்டு. ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த கொலாஜன் மும்முறுக்கில் அணுக்கள் மிக நெருங்குகின்றன என 1955இல் கிரிக்கும் ரிச்சும் மறுத்தனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற தேடலே 1963இன் இராமச்சந்திரன் வரைபடத்திற்கு வித்திட்டது.

திராம்பின் வழக்கு 2011இல்தான் தெளிந்தது. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் ருஸ்ஸோ கிராவுஸ் குழுவினர், புறத்தளத்தைப் பற்றுவன இரு தைமின் இணைக் கண்ணிகளே எனக் காட்டினர். மறு ஆண்டு, பொட்டாசியம் அயனி முன்னிலையில் தடையாற்றல் மிகுவதன் காரணத்தையும் ஆராய்ந்தனர். கொல்லிப்பாவை போலத் தானே நிலைநிற்பதன்று இவ்வுருவம். நடுவே ஓர் அயனி வேண்டியிருக்கிறது.

மருந்தாக இது முதற்கட்ட ஆய்வுக்கு அப்பால் செல்லவில்லை. அடையாளம் காணும் பணியில் ஆப்டமர்களுக்கு இந்தியாவில் வேறொரு பாதை திறந்தது: காசநோய்க் கிருமியின் எச்.எஸ்.பி.எக்ஸ். புரதத்தைப் பற்றும் டி.என்.ஏ. ஆப்டமர்களை 2018இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நோயாளியின் மூளைத் தண்டுவட நீரில் காசநோய் மூளையுறை அழற்சியைக் கண்டறிய அவை பயன்படுத்தப்பட்டன.