கிளாசிக் பிலிம் ஸ்கோர்ஸ் (இசைத்தட்டுத் தொடர்)

கிளாசிக் பிலிம் ஸ்கோர்ஸ் என்பது ஆர்சிஏ ரெட் சீல் நிறுவனம் 1972 முதல் 1978 வரை வெளியிட்ட திரையிசை இசைத்தட்டுத் தொடர் ஆகும். எரிக் வுல்ப்காங் கோர்ன்கோல்ட், மாக்ஸ் ஸ்டெய்னர், பெர்னார்ட் ஹெர்மன் முதலியோர் ஹாலிவுட் படங்களுக்கு இயற்றிய இசையை அமெரிக்க இசை நடத்துநர் சார்லஸ் கெர்ஹார்ட் (1927–1999) இத்தொடருக்காக நேஷனல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இலண்டனில் புதிதாகப் பதிவு செய்தார். எனவே இவை படங்களின் மூல ஒலித்தடங்கள் அல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான தவறாகும். தயாரிப்பாளர் ஜார்ஜ் கோர்ன்கோல்ட், மேற்குறித்த இசையமைப்பாளரின் மகன் ஆவார். முதல் இசைத்தட்டு 'தி சீ ஹாக்' 1972 இல் வெளிவந்தது.

ஒலிப்பதிவு

பெரும்பாலான பதிவுகள் கிங்ஸ்வே அரங்கில் நடைபெற்றன. மெதடிச சபையினர் கட்டிய இவ்வரங்கின் எதிர்முழக்கம் இசைப்பதிவுக்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்பட்டது. ஆயினும் அடியில் ஓடிய சுரங்கத் தொடருந்துகளின் உறுமல் அங்கு செய்யப்பட்ட பல பதிவுகளில் மெலிதாகக் கேட்கும். ஒலிப்பொறியாளர் டெக்கா நிறுவனத்தின் கென்னத் வில்கின்சன் (1912–2004). இசைக்குழுவின் முன்பகுதிக்கு மேலே மூன்று ஒலிவாங்கிகளை முக்கோணமாக நிறுத்தும் 'டெக்கா மரம்' முறையில் தேர்ந்தவர். இம்முறையில் கருவிகளின் ஒலியோடு அரங்கின் எதிர்முழக்கமும் இயல்பான அளவில் பதிவாகும்.

மூலநாடா சிறந்ததாக இருந்தும் கேட்போருக்கு அது முழுமையாகச் சென்று சேரவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆர்சிஏ அமெரிக்காவில் 'டைனாபிளெக்ஸ்' எனப்பட்ட மெல்லிய தட்டுகளைப் பயன்படுத்தியது. இவை எளிதில் நெளிவதாகவும் மேற்பரப்பு இரைச்சல் மிகுந்ததாகவும் குறை கூறப்பட்டது.

இறுவட்டு மறுவெளியீடு

1989 முதல் இத்தொடர் இறுவட்டுகளாக வெளிவந்தபோது மூலநாடாவின் இரு தடங்கள் டால்பி சரவுண்ட் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டன. இது திரையரங்குகளுக்காக உருவான முறையின் வீட்டு வடிவம். இதில் பின்புற ஒலி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுப்படுத்தப்பட்டு, 3 டெசிபல் குறைக்கப்பட்டு, இடத்தடத்திலும் வலத்தடத்திலும் கலக்கப்படுகிறது. அவ்வாறு கலக்கும்போது ஒன்றில் கட்டம் +90 பாகையும் மற்றொன்றில் −90 பாகையும் நகர்த்தப்படுகிறது. குறிவிலக்கி இதனைப் பிரித்துப் பின்புற ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

குறிவிலக்கி இல்லாத சாதாரண ஸ்டீரியோ கருவியில் நிலைமை வேறு. எதிர்க்கட்டத்தில் உள்ள ஒலி முன்புற ஒலிபெருக்கிகளிலேயே கலந்து ஒலிப்பதால், ஒரு கருவி எந்த இடத்திலிருந்து ஒலிக்கிறது என்பது தெளிவிழக்கிறது. வில்கின்சனின் பதிவில் அரங்கின் எதிர்முழக்கம் ஏற்கனவே போதிய அளவு இருந்ததால் இச்சேர்க்கைக்குத் தேவையே இருக்கவில்லை எனலாம். பழைய இசைத்தட்டுகளை வைத்திருந்தோர் பலர் இறுவட்டின் ஒலி கலங்கியும் தொலைவிலும் கேட்பதாகக் கூறினர். குறியாக்கம் செய்த இறுவட்டிலிருந்து மூல இரு தடங்களைத் திரும்பப் பெறுவதும் இயலாது. மூலநாடாவிலிருந்து மீண்டும் படியெடுக்க வேண்டும். 2008 இல் ஆர்சிஏ சோனி வசமான பின்னர் இத்தொடர் மீண்டும் வெளியிடப்பட்டது. பழைய இறுவட்டுகளை வாங்குவோர் அட்டையில் டால்பி சரவுண்ட் குறி உள்ளதா எனப் பார்த்து அடையாளம் காணலாம்.

நாடாவின் இயல்பான சீறல் ஒலியை இத்தகைய குறைகளுடன் சேர்த்து எண்ணலாகாது. அதனை மென்பொருள் கொண்டு மிகுதியாக நீக்கினால் வயலின்களின் மேற்சுரங்களும் எதிர்முழக்கத்தின் இறுதிப் பகுதியும் சேர்ந்தே மறைகின்றன.

மூலப் பதிவுகளுடன் ஒப்பீடு

1930களின் படங்களுக்கான இசை ஒளியியல் முறையில் படச்சுருளில் பதியப்பட்டது. அதில் உயர் அதிர்வெண்கள் குறைவு. எனினும் எம்ஜிஎம் நிறுவனம் வெவ்வேறு ஒலிவாங்கிகளின் ஒலியைத் தனித்தனிச் சுருள்களில் பதிந்தது. இதனால் 1939 இல் வெளியான 'தி விசார்ட் ஆப் ஓஸ்' படத்தின் இசையில் சில பகுதிகளை 1995 இல் ரைனோ நிறுவனம் ஸ்டீரியோவாகவே வெளியிட முடிந்தது.