கன்னக்கோலுக்கு ஓர் இரங்கல்

நுனி கூரான சிறு இரும்புக் கோல். அதைக் கொண்டு, ஊர் உறங்கும் நேரத்தில், வீட்டின் பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவார்கள். கன்னம் வைப்பது என்று அதற்குப் பெயர். அந்தக் கோலும் போய்விட்டது, அது துளைத்த மண்சுவரும் போய்விட்டது. திருட்டு மட்டும் நன்றாகவே இருக்கிறது. எனக்குத் திருடன்மேல் பரிவு இல்லை. அவன் சுவரைக் குடையும்படி செய்த வீடு ஒன்று இருந்ததே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கதவு இருக்கச் சுவரை ஏன் குடைய வேண்டும்? கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. உள்ளே தாழ் போட வேண்டுமென்றால் உள்ளே ஆள் இருக்க வேண்டும். திருவண்ணாமலையில் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் கிரிவலம் முடித்த யாரோ ஒரு வெளியூர்க்காரர் துண்டை விரித்துப் படுத்திருப்பார். நடையைத் தாண்டினால் கூடம். அங்கே பிள்ளைகுட்டிகளோடு வரிசையாகப் பாய்கள். அடுப்பங்கரை ஓரம் தூக்கம் வராத பாட்டி. முன்பக்கம் எவனும் அடியெடுத்து வைக்க முடியாது. பின்பக்கம் போய், சுவரை நனைத்து, உதிரும் மண்ணைச் சத்தமில்லாமல் கையில் வாங்கி, உள்ளே ஓர் இருமல் கேட்டால் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். கன்னம் வைத்தவன் அந்த வீட்டாரின் குறட்டையைக்கூட அறிந்திருப்பான்.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகம். சங்க நூலான மதுரைக்காஞ்சியில் இரவுக் கள்வர்கள் நூலேணியை இடையில் சுற்றிக்கொண்டு, மண்ணை அகழும் உளியோடு திரிகிறார்கள். அவர்களைத் தேடி ஊர்க்காவலர்களும் சுற்றுகிறார்கள். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்த மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில், சர்விலகன் என்ற திருடன் பூணூலால் அளவெடுத்துச் சுவரைத் துளைக்கிறான். தான் நுழையுமுன் ஒரு பொம்மை ஆளை உள்ளே நீட்டிப் பார்க்கிறான். விழித்திருப்பவர் கையில் தடி இருக்கலாம் அல்லவா.

திருவண்ணாமலையில் எல்லோரும் அறிந்த வீடு புகுந்த களவு, 1924 ஜூன் 26 இரவு 11.30 மணிவாக்கில் நடந்தது. ரமணாசிரமம் அப்போது ரமணருடைய தாயாரின் சமாதியருகே சில குடிசைகள்தான். உள்ளே பணம் இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் சன்னலை உடைக்கத் தொடங்கினார்கள். ரமணர் அவர்களிடம், கதவைத் திறந்து விடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் நம்பவில்லை, கூரைக்குத் தீ வைப்போம் என்று மிரட்டினார்கள். ரமணர் வெளியே வரச் சம்மதித்தார். அதற்கு முன் கருப்பன் என்ற நாயை அடிபடாத இடத்துக்கு அனுப்பச் சொன்னார். வாசலைத் தாண்டும்போது அவர் இடது தொடையில் பலத்த அடி விழுந்தது. போதவில்லை என்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார். திருப்பி அடிக்கப் புறப்பட்ட அடியாரைத் தடுத்தார். திருடர்கள் தேட வெளிச்சம் கேட்டபோது அரிக்கேன் விளக்கைக் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான். கிடைத்தவை சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, மாம்பழம், ஓர் அடியாரின் ஆறு ரூபாய். தனக்கும் நல்ல பூசை கிடைத்தது என்று அவர் பிறகு சொன்னதை அடியார்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அன்று கோல் சுவரைத் துளைக்கவில்லைதான். ஆனாலும் கன்னம் வைத்த காலத்துக் களவு முழுதும் அந்த இரவில் இருக்கிறது: உள்ளே ஆட்கள், வெளியே ஆட்கள், நடுவில் பேச்சு. இன்று யார் யாரோடு பேசுவது?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் அந்த வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ‘வீட்டை உடைத்தல்’ என்பதை விளக்கும் 445ஆம் பிரிவின் முதல் உதாரணமே சுவரில் ஓட்டை போட்டுக் கையை நுழைப்பதுதான். கதவின் துளை வழியாகக் கம்பியை விட்டுத் தாழை நீக்குவதும் அங்கே உண்டு. வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், அவரைத் தள்ளிவிட்டு ஒருவன் நுழைகிறான் என்பதும் உண்டு. வாசலில் ஆள் நிற்கும் வீடு! 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இந்தக் குற்றம் இப்போது 330ஆம் பிரிவில் இருக்கிறது.

செங்கலும் சிமெண்டும் கோலை மழுக்கின. ஆனால் அதைக் கொன்றது பூட்டு. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். பெரியவர்களும் பேரக்குழந்தையைப் பார்க்கப் பின்னாலேயே போனார்கள். தாழ்ப்பாள் உள்ளே இருப்பது, பூட்டு வெளியே தொங்குவது. யாரும் இல்லை என்று அது தெருவுக்கே சொல்கிறது. பிறகு எதற்குச் சுவரைக் குடைவது? ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீசார் கேட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போன காலம் வேறு. 2023 பிப்ரவரி 12 விடியுமுன் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏடிஎம் இயந்திரங்களைக் கேஸ் வெல்டிங்கால் வெட்டி 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிப் போனார்கள். அந்த அறைகளில் தூங்குவதற்குக்கூட ஒருவர் இல்லை.

இந்த இரங்கலில் கண்ணீர் சிந்தக் கூடாத இடமும் ஒன்று உண்டு. கன்னக்கோலைக் காட்டிச் சில சாதிகளையே பிறவித் திருடர்கள் என்றார்கள். 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், எந்தச் சுவரையும் தொடாதவர்கள்கூடக் கைரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்தார்கள். சென்னை மாகாணம் அதை 1947இல் நீக்கியது. பூட்டு உடைந்த செய்தி வந்தால் அதே சாதிகளின் பெயரை முதலில் எடுக்கும் வாய்கள் இன்னும் ஓயவில்லை.