மலாக்காத் தோட்டங்களில் மருத்துவ நீதி

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர். தோட்டத்து மருத்துவ வரலாற்றைப் படிப்போர்க்கு ஐந்தாவது கூறு ஒன்றும் புலப்படும். அது செலவை ஏற்பவர். மருந்து எல்லார்க்கும் போதாத காலத்தில் எவர்க்கு முதலில் தருவது என்ற வழக்கைப் பெரும்பாலும் தீர்த்து வைத்தவர் அந்த ஐந்தாமவரே. மருத்துவர்கள் அந்நிலையை எவ்வாறு எதிர்கொண்டனர், எம்முறையை நியாயம் என்றனர் என்பதை ஆராய மலாக்காத் தமிழர் வரலாறு ஏற்ற களமாகும்.

பால்மரமும் காய்ச்சலும்

1896இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். வாணிக நோக்குடன் மலாயாவில் தோன்றிய முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். நாளடைவில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் பால்மரம் பரவிற்று. காடழிக்கவும் மரம் நடவும் பால் வெட்டவும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் வந்தனர். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பின்னும் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது நீடித்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை அவ்வருகை ஓயவில்லை.

வந்தவர்களை முதலில் எதிர்கொண்டது மலேரியாக் காய்ச்சல். அதற்கு அன்றிருந்த மருந்து கொய்னா ஒன்றே. காய்ச்சல் கண்டவர்க்கெல்லாம் கொய்னா கொடுப்பதா, அல்லது அப்பணத்தைக் கொண்டு நோயின் வேரை அறுப்பதா என்பதே மருத்துவர் முன் எழுந்த முதற் கேள்வி.

கால்வாய் வெட்டிய மருத்துவர்

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்குரிய சான்றை 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1901இல், கிள்ளானில் வட்டார மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன் அவ்வுண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சதுப்பு நிலத்தை வடித்துக் கால்வாய் வெட்டச் செய்தார். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. மேட்டு நிலத்திலோ இதற்கு மாறான விளைவு கண்டது. அங்கே காட்டை அழித்ததும் வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகிற்று. அங்கு நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய்த் தெளிப்பும் தேவைப்பட்டன.

வாட்சனின் பணியில் ஒரு நீதிக் கோட்பாடு அடங்கியிருந்தது. கொய்னா ஒருவர்க்குக் கொடுத்தால் மற்றொருவர்க்குக் குறையும். கால்வாயோ துரையின் பங்களாவையும் கூலியின் லயத்தையும் ஒருங்கே காக்கும். பகிர்ந்தால் குறையாத நன்மைக்கு முதற்பணம் தருவதே நியாயம் என்பது அதன் உட்பொருள். ஆயினும் அக்கால்வாயை வெட்டச் சில முதலாளிகள் உடன்பட்டதற்கு அறம் மட்டும் காரணமன்று. தொழிலாளி நோயில் விழுந்தால் பால் வெட்ட ஆளில்லை என்ற கணக்கும் அதில் இருந்தது.

மருத்துவமனை யாருடையது?

தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை எனச் சட்டங்கள் வகுத்தன. சிறு தோட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியே மருத்துவரை அமர்த்த இயலாது. ஆகவே மலாக்காத் தோட்டங்கள் பல கூடி ‘மலாக்கா விவசாய மருத்துவ வாரியம்’ என்ற அமைப்பின் வழியே அச்செலவைப் பகிர்ந்துகொண்டன. மருத்துவர் சுற்றில் வந்து போவார். அன்றாடம் காயம் கட்டி மருந்து தந்தவர் டிரஸ்ஸர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல்தான் வந்தது.

இவ்வேற்பாட்டில் நன்மையும் இருந்தது, இடர்ப்பாடும் இருந்தது. காட்டு நடுவே மருந்து கிட்டியது நன்மை. மருத்துவரின் சம்பளம் முதலாளியின் கையில் இருந்தது இடர்ப்பாடு. உடல்நலமின்றி வேலைக்கு வராதவரை நோயாளி என்று எழுதுவதா, சோம்பேறி என்று எழுதுவதா என்ற முடிவு மருத்துவக் கண்ணோடு மட்டும் எடுக்கப்படக்கூடியதாக இல்லை. மேலும், உரிமை வேலையோடு கட்டுண்டிருந்தது. பேர்ப்பதிவிலிருந்து நீங்கிய முதியவர்க்கு, முப்பது ஆண்டு உழைத்திருந்தாலும், அவ்வாசலில் உரிமை இல்லை. தேவைக்கேற்ப மருத்துவம் என்பது ஒரு முறை. பயன்பாட்டுக்கேற்ப மருத்துவம் என்பது மற்றொரு முறை. தோட்ட மருத்துவமனை இரண்டாவதைச் சார்ந்தே எழுந்தது.

இலண்டன் சீட்டும் சென்னை விடையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பற்றாக்குறை வேறு வடிவில் வந்தது. காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் டாலர் தட்டுப்பாட்டால் பிரிட்டன் மிகச் சிறிதளவே வாங்க முடிந்தது. புள்ளியியல் அறிஞர் பிராட்போர்டு ஹில் ஒரு வழி கூறினார்: எல்லார்க்கும் போதாதபோது சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது அநீதியன்று, அதனால் மருந்தின் மெய்ப்பயனும் விளங்கும். 107 நோயாளிகளில் 55 பேர் மருந்து பெற்றனர். 52 பேர் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாதத்தில் முதற்குழுவில் 4 பேரும் மறுகுழுவில் 14 பேரும் இறந்தனர். 1948இல் இம்முடிவு வெளியாயிற்று.

சென்னை இதற்கு வேறொரு விடை கண்டது. இந்தியாவில் காசநோயாளர் பலர். மருத்துவமனைப் படுக்கைகளோ சில. படுக்கையை எவர்க்குத் தருவது என்று வாதிடுவதற்கு மாறாக, படுக்கை உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டனர் 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருந்தாய்வு மையத்தார். 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர்க்கு வீட்டிலும் ஏனையோர்க்கு மருத்துவமனையிலும் ஓராண்டு மருந்தளித்தனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், உணவும் ஓய்வும் அவர்க்குக் குறைவு. ஆயினும் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிற்று. பங்கீட்டுச் சிக்கலைப் பற்றாக்குறையையே நீக்கித் தீர்க்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

எல்லாச் சிக்கலும் இவ்வாறு தீர்வதில்லை. 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தன. யார் பிழைப்பது என்பதைப் பொதுமக்களில் சிலர் கொண்ட குழுவொன்று முடிவு செய்தது. தொழில், குடும்பம், சமூக மதிப்பு ஆகியவற்றை அக்குழு எடைபோட்டது வெளியானபோது கடுங் கண்டனம் எழுந்தது. மனிதரின் ‘மதிப்பை’ அளந்து மருந்தளிக்கலாகாது என்ற கருத்து அதன்பின் மருத்துவ அறவியலில் வலுப்பெற்றது. தோட்டத்தில் நெடுநாள் நடந்ததும் அத்தகைய அளவீடே. அதனை அளக்கக் குழு ஒன்று தேவைப்படவில்லை, பேர்ப்பதிவே போதுமானதாயிற்று.

வேலிக்கு வெளியே நின்ற திட்டம்

விடுதலையை ஒட்டி மலாயா அரசாங்கம் நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டத்தை வகுத்தது. 50,000 மக்களுக்கு ஒரு தலைமை நிலையம், நான்கு துணை நிலையங்கள், இருபது மருத்துவச்சி நிலையங்கள் என்பது அதன் கணக்கு. தொலைவில் இருப்பவர்க்கே முதலிடம் என்ற நல்ல நெறியில் எழுந்த திட்டம் அது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோர் முதலாளியின் பொறுப்பு என்ற எண்ணத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலும் அதன் வேலிக்கு வெளியே நின்றனர். அக்காலத்திலேயே பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. துண்டு நிலம் வாங்கிய சிறு உடைமையாளர் மருத்துவமனையை நடத்த வல்லவரல்லர். ஆகவே பழைய காப்பும் போயிற்று; புதிய காப்பும் உடனே வந்து சேரவில்லை.

அத்தகையோர்க்கு எஞ்சியது அரசாங்க மருத்துவமனை. மலாக்கா நகரில் டுரியான் டவுன் மேட்டில் 1934இல் கட்டப்பட்ட பெரிய மருத்துவமனை ஊரார்க்கும் தோட்டத்தார்க்கும் பொதுவாயிற்று. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்குரிய புறநோயாளர் கட்டணம் நெடுங்காலம் ஒரு வெள்ளியாகவே இருந்துவந்தது. கட்டணம் குறைவாயின் பற்றாக்குறையைப் பங்கிடுவது காத்திருப்பு வரிசை. வரிசை எல்லார்க்கும் ஒன்றே. எனினும் அதன் விலை ஒன்றன்று. மாதச் சம்பளக்காரர்க்கு விடுப்பு உண்டு. நாட்கூலிக்காரர்க்கோ பேருந்துச் செலவோடு ஒரு நாட்கூலியும் போய்விடும். சமமான வரிசை சமமான நீதியாகிவிடாது என்பதற்கு இது சான்று.

2021இல் கொரோனாத் தொற்று மலேசியாவில் உச்சமடைந்தபோது, தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிறைந்து, எவர்க்கு இடம் தருவது என்ற பழைய கேள்வி மீண்டும் மருத்துவர் தோளில் ஏறியது. பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தவர்க்கு முதலிடம் என்பது அப்போது முன்வந்த நெறி. அதுவும் குறையற்றதன்று; நெடுநாள் வறுமையால் உடல் நலிந்தவர்க்கு அவ்வாய்ப்பு முன்னமே குறைந்திருக்கும்.

வரலாறு உணர்த்துவது

ஆகத் தேவை, பயன், சீட்டு, வரிசை, பிழைக்கும் வாய்ப்பு என ஐந்து அளவுகோல்களை மருத்துவ உலகம் கையாண்டு பார்த்துள்ளது. தனித்து நின்று நிறைவான நீதி தந்தது ஒன்றுமில்லை. எனினும் இரு செய்திகள் தெளிவு. முதலாவது, முறை எதுவாயினும் அது நோயாளி வரும் முன்பே வகுக்கப்பட்டு ஊரறிய இருத்தல் வேண்டும். இரவு வேளையில் தனியே நிற்கும் மருத்துவரின் மனச்சான்றின்மேல் அச்சுமையை ஏற்றலாகாது. இரண்டாவது, பங்கிடும் முறையைப் பேசுவதற்கு முன் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும். கிள்ளான் கால்வாயும் சென்னை வீடுகளும் அக்கேள்வியின் விளைவுகள். அக்கேள்வியை எவரும் எழுப்பாத இடத்தில், இல்லாமை இயற்கையென்றே கொள்ளப்படும். வரிசையின் கடைசியில் நிற்பவரும் எப்போதும் ஒருவரே ஆவர்.