யஷிக்கா கமராவும் வெட்டிவிட்ட ஓரமும்

பத்திரிகையில் எழுதுவது எனது தொழிலாக இருந்தது. படம் எடுப்பது எனது பொழுதுபோக்கு. எழுதியதற்குச் சம்பளம் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கைப் படம் எடுப்பது தின்றது. கப்பலில் வேலைசெய்த உறவினர் ஒருவரிடமிருந்து 1974 ஆம் ஆண்டில் பாதி விலைக்கு வாங்கிய யஷிக்கா எலெக்ட்ரோ 35 கமரா இப்போதும் எனது மேசை அலமாரியில் இருக்கிறது. அதன் மின்கலம் கிடைக்காத நாட்களில் விநாடியின் 500 இல் ஒரு பங்கு என்ற ஒரே வேகத்தில்தான் அது இயங்கும். ஆகவே நல்ல வெயில் இருந்தால் படம். இல்லையேல் கமரா தோளில் தொங்கும் வெறும் அலங்காரம்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. ஒரு பிலிம் றோலில் 36 படங்கள். அந்த 36 ஐயும் மாதக்கணக்கில் சிக்கனமாகச் செலவிட வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனை ஒவ்வொரு முறை பொத்தானில் விரல் வைக்கும்போதும் எழும். அந்த யோசனையே கலை என்று அன்று நம்பினேன். அது ஓர் அதிகாரமும்கூட என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதைச் சொல்வதற்குமுன் கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

பிரான்சைச் சேர்ந்த டாகேரின் படமெடுக்கும் முறை 1839 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் இலங்கையிலும் படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றிவிட்டன. ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய பெயர்களில் இயங்கிய நிலையங்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த படங்களை இன்றும் அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் காணலாம். கோப்பித் தோட்டங்கள், தாகபைகள், தென்னஞ்சோலைகள் ஆகியவற்றோடு மனிதர்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஆனால் படத்தின் கீழே அவர்களுடைய பெயர் இராது. 'தமிழ்ப் பெண்', 'சிங்களவர்', 'தோட்டக் கூலிகள்' என்ற வகையில் இனமும் தொழிலும் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். கப்பலில் வந்திறங்கும் பயணி வாங்கிச் செல்லும் ஞாபகப் பொருளுக்குப் பெயர் எதற்கு?

பணத்துக்காக எடுத்தவர்கள்தான் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஜூலியா மார்கரட் கமரன் பணத்தை மட்டும் எண்ணிக் கமராவைத் தொட்டவர் அல்லர். (அவருடைய பெயருக்கும் கமராவுக்கும் தொடர்பில்லை, அது தற்செயல்.) 1815 இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு 48 வயதாக இருந்தபோது, 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். பொழுது போகட்டும் என்று கொடுத்தது அவரது வாழ்வாகவே மாறிவிட்டது. கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகளான டார்வின், ஹேர்ஷல் முதலியோரை அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. படங்கள் தெளிவில்லை, குவியம் பிழைத்துவிட்டது என்று அக்காலத்துப் புகைப்பட விமர்சகர்கள் பரிகசித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத பொழுதுபோக்காளரின் துணிவு அது.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் இலங்கை வரலாறு படித்தவர்களுக்குப் புதியவர் அல்லர். 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வித்திட்ட கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். இலங்கையில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கையில் குடியேறினார்கள். ஜூலியா 1879 ஜனவரியில் மலையகத்தில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள சென் மேரிஸ் தேவாலய வளவில் கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இன்று அந்தக் கல்லறையைச் சுற்றி எங்கும் தேயிலை. அன்று கோப்பி, அதுவும் நோய் தாக்கி அழிந்துகொண்டிருந்த கோப்பி.

இலங்கையிலும் அவர் படமெடுத்தார். அவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறையிலும் தோட்டங்களிலும் வாழ்ந்த எளிய மக்கள் சில நிமிடங்கள் அசையாது நின்று அவருடைய கண்ணாடித் தகடுகளில் பதிந்தார்கள். டெனிசனுக்குக் காட்டிய அதே கவனத்தையும் ஒளியையும் அந்த முகங்களுக்கும் அவர் வழங்கியிருக்கிறார். ஆயினும் இங்கிலாந்தில் அவருடைய படங்களுக்கு மாதாவாக நின்ற பணிப்பெண் மேரி ஹிலியரின் பெயர் நமக்குத் தெரியும். இங்கே நின்றவர்களின் பெயர் தெரியாது. 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றும் 'இலங்கை இளம்பெண்' என்றும்தான் குறிப்புகள் சொல்கின்றன. மேதையின் கண்ணுக்கும் ஓர் ஓரம் உண்டு.

பின்னர் கமரா மலிந்தது. அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 1888 இல் 100 படங்கள் எடுக்கக்கூடிய பிலிமுடன் கொடக் கமராவை 25 டொலருக்கு விற்றார். 1900 இல் பிறவுணி கமரா ஒரு டொலருக்கு வந்தது. ஜெர்மனியில் ஒஸ்கார் பர்னாக் வடிவமைத்த லைக்கா 1925 இல் சந்தைக்கு வந்தபோது, கமரா முக்காலியிலிருந்து இறங்கி மனிதனின் கையோடு நடக்கத் தொடங்கியது. படம் எடுப்பது கலையா, வெறும் இயந்திர வேலையா என்ற வாதமும் கூடவே வளர்ந்தது. அந்த வாதத்தில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. சேர் முத்துக்குமாரசாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, 1924 இல், அல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 புகைப்படங்களை அந்த அருங்காட்சியகம் பெற்றுக்கொள்ள வழிசெய்தார். புகைப்படத்தைக் கலையாக ஏற்றுக்கொண்ட முதல் அருங்காட்சியகங்களுள் அதுவும் ஒன்று. நடராச வடிவத்தின் தத்துவத்தை மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன அறிஞரே கமராவுக்கும் சான்று வழங்கினார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

இலங்கையின் பொழுதுபோக்குப் படக்கலைஞர்களுள் முதலிடம் லயனல் வென்ட்டுக்கே உரியது. 1900 இல் கொழும்பில் பிறந்த பறங்கியர். சட்டம் படித்தார், ஆனால் பியானோவே அவருக்கு உயிர். லைக்காவைக் கையில் எடுத்ததும் இருட்டறையில் புதுமைகள் பலவற்றைச் செய்தார். 1934 இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. 1943 இல் தோன்றிய '43 குழு' ஓவியர்களுக்கு அவருடைய வீடே கூடுமிடம். 1944 டிசம்பரில், 44 வயதில், மறைந்தார். அதன்பின் அவருடைய எதிர்ப்படிகள் அழிந்துபோயின. அவர் கையால் அச்சிட்ட படங்களும், 1950 இல் வெளியான தொகுப்பு நூலுமே இன்று மிஞ்சியிருப்பவை. கொழும்பில் அவருடைய பெயரிலுள்ள அரங்கில் நாடகம் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர் எடுத்த ஒரு படத்தையாவது நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வென்ட்டின் எதிர்ப்படிகள் அழிந்த கதையை வாசித்தபோது எனது பிஸ்கற் தகரம் நினைவுக்கு வந்தது. இனி எனது கதை.

1986 இல் எங்கள் ஊர்க் கோவில் தேர்த்திருவிழா. தேர் முகப்பிலிருந்து திரும்பும் தருணத்தை மதிற்சுவரில் ஏறி நின்று எடுத்தேன். தேரும், வடமும், வெயிலில் மின்னும் முதுகுகளும் நன்றாக அமைந்தன. ஒரேயொரு குறை. வலது ஓரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன், ஒரு கையால் வடத்தைப் பிடித்தபடி, தேரைப் பார்க்காமல் நேரே எனது கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். படம் எடுப்போருக்கு இது தலைவலி. இருட்டறையில் பெருப்பிக்கும்போதே அந்த ஓரத்தை நீக்கிவிட்டேன். இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்று பத்திரிகையில் இரண்டு பத்தி அகலத்தில் வெளிவந்தது. மற்றதை எனது ஆல்பத்தில் ஒட்டினேன். பலர் பாராட்டினார்கள்.

1990 இல் நான் கொழும்புக்கு இடம்பெயர்ந்தபோது ஆல்பம் என்னோடு வந்தது. எதிர்ப்படிகள் பிஸ்கற் தகரத்தில் ஊர் வீட்டிலேயே தங்கின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுள் ஆல்பத்தை எடுத்தவர்களும் உண்டு, அரிசியை எடுத்தவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்ல முடியாது. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் நான் ஊருக்குப் போனேன். தகரம் துருப்பிடித்துக் கிடந்தது. உள்ளே இருந்தவை மழைநீர் புகுந்து ஒன்றோடொன்று ஒட்டி, முகம் தெரியாத கறுப்புக் கட்டியாகியிருந்தன.

நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு தாய் வந்தார். அவருடைய மகன் 1996 இல், இளைஞர்கள் பலர் யாழ்ப்பாணத்தில் காணாமற்போன அந்த ஆண்டில், காணாமற்போனவன். அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. வீட்டிலிருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன. விசாரணைகளுக்குப் போகும் இடமெல்லாம் படம் கேட்கிறார்கள்.

"தம்பி, நீங்கள் அந்த வருசம் தேரைப் படம் எடுத்தனீங்கள். என்ரை பிள்ளையும் அதிலை நிண்டவன். வீட்டை ஓடிவந்து சொன்னவன், என்னைப் படம் பிடிச்சவை எண்டு."

அடுத்த பயணத்தில் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓரத்தை நான் நீக்கிவிட்டதையும் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வலது விளிம்பில் வடத்தைப் பற்றியபடி ஒரு சிறிய கை, மணிக்கட்டு வரை மட்டும், தப்பியிருந்தது. பதினாறு ஆண்டுகளாக அந்தக் கையை நான் கவனித்ததில்லை.

"இது அவன்ரை கைதான்" என்றார். படத்தைத் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். எந்த விசாரணைக்கும் அது உதவாது என்பது அவருக்கும் தெரியும்.

தெளிவு, அமைப்பு, ஒளி என்று நான் கற்ற இலக்கணம் பிழையானதல்ல. ஆனால் ஒரு படம் பின்னொரு நாளில் எந்தச் சுமையைத் தாங்கவேண்டி வரும் என்பது எடுப்பவனுக்குத் தெரியாது. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் தீக்கிரையானது. ஏட்டுச் சுவடிகளையும் நூல்களையும் எண்ணிக் கவலைப்பட்டோம். ஒரு சமூகத்தின் முகங்களும் தீயில் போகக்கூடியவை என்று எத்தனை பேர் எண்ணினோம்?

படத்தின் சுமை எடுத்தவரின் உயிரையே கேட்ட சம்பவமும் நமது நாட்டில் உண்டு. 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அம்மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சான்று இல்லை என்று 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். படங்கள் மட்டும் இன்னும் சாட்சி சொல்கின்றன.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் நெஞ்சோடு அணைத்திருந்த படங்களை உற்றுப் பார்த்தேன். பாடசாலைக் குழுப் படத்திலிருந்து பெருப்பித்த மங்கலான முகம். கலியாண வீட்டுப் படத்தில் பின்வரிசையில் நின்ற ஒருவர். அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம். அவற்றுள் கலைப்படம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் ஓரத்தை வெட்டாமல் விட்டதனால் தப்பியவையும் அவற்றுள் இருந்தன.

இன்று கமரா எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன் 1975 இல் செய்த முதல் எண்முறைக் கமரா ஒரு படத்தைப் பதிய 23 விநாடிகள் எடுத்தது. அந்தக் கண்டுபிடிப்பே கொடக்கின் பிலிம் வணிகத்தைச் சாய்த்து, 2012 இல் அந்நிறுவனத்தை வங்குரோத்து நிலைக்குக் கொண்டுசென்ற காரணங்களுள் ஒன்றாயிற்று. 36 படங்களை மாதக்கணக்கில் காத்த நான் இப்போது ஒரு மாலைப்பொழுதில் இருநூறு எடுக்கிறேன். நடவாத காட்சியைக் கணினி தானே வரைந்து தருகிறது. பிடிக்காத ஓரத்தை நீக்க இருட்டறை வேண்டாம். விரல் நுனி போதும். நான் 1986 இல் செய்த தவறு இன்று முன்னெப்போதையும்விட எளிது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒருமுறை திறவுங்கள். முதியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, படத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். நடுவில் நிற்பவரின் பெயர் எப்படியும் தெரிந்திருக்கும். ஓரத்தில் நிற்பவரிலிருந்து தொடங்குங்கள்.